எபினேசர் பாஸ் பண்ணிய லேப்டாப்

காக்களூர் தொழிற்பேட்டையில் பம்பு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் எபினேசருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். அந்த இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு பம்பைக்கூடச் செய்ததில்லை. அவர் வேலை வேறு. வெளியிலிருந்து வரும் வார்ப்பு உருப்படிகள், போல்ட்டுகள், ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் கேட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் வைத்து அளந்து பார்த்து, தேறுமா தேறாதா என்று அவர் சொல்ல வேண்டும். தேறினால் பச்சைச் சீட்டு. தேறாவிட்டால் சிவப்பு பெயிண்ட். பச்சைச் சீட்டுப் புத்தகம் ஒன்று தீர்வதற்குள் பெயிண்ட் டப்பா நாலு தீர்ந்துவிடும். உலகத்தில் எதையும் உண்டாக்காமலே மரியாதை சம்பாதிக்க இருக்கும் வழிகளில் இது கொஞ்சம் கௌரவமானது.

சப்ளையர்கள் அவரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். "சார் கண்ணாலயே பத்து மைக்ரான் சொல்லிடுவாரு" என்பார்கள். இது அவர் எதிரில். அவர் ஷெட்டுக்குள் போன பிறகு சொல்பவையெல்லாம் அச்சில் ஏற்ற முடியாதவை.

வேண்டாம் என்று சொல்கிறவனை நாம் விவரம் தெரிந்தவன் என்று நம்புகிறோம். சரி என்று சொல்லத்தான் அதிக விவரம் தேவை என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. எபினேசருக்கு நிச்சயமாகத் தோன்றியதில்லை. வேலையில் இருந்த பழக்கத்தை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்தார். சந்தையில் தக்காளியை ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்துக் கூடையோடு திருப்பிக் கொடுப்பார். தங்கைக்கு வந்த வரன்களில் ஒன்பது பேரைக் கழித்துக் கட்டினார். பத்தாவது ஆளைத் தங்கையே ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்த் தேற்றிக்கொண்டாள். அந்த மாப்பிள்ளை இன்றுவரை நல்லபடியாகத்தான் இருக்கிறார். எபினேசர் அதை விதிவிலக்கு என்பார். மனைவி கிரேஸ் அவர் சோதனையில் எப்படித் தேறினாள் என்று கேட்பவர்கள் உண்டு. பெண் பார்க்கப் போன அன்று அளந்து பார்க்கப்பட்டவர் எபினேசர்தான்; அவருக்கு அது தெரியாது.

இவர்களுக்கு ஒரே மகள், ஏஞ்சல். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தவள். அப்பா அளந்து பார்க்கிற மாதிரி உருப்படிகளைக் கம்ப்யூட்டரில் வரைகிற வேலையைத் தனியாகவும் படித்திருந்தாள். கும்மிடிப்பூண்டியில் ஒரு பெரிய கம்பெனியின் டிசைன் பிரிவிலிருந்து அவளுக்கு மெயில் வந்தது. வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு. வீட்டிலிருந்தே சொந்த லேப்டாப்பில் எழுதலாம். கொடுக்கிற படத்தைப் பார்த்து இரண்டு மணி நேரத்தில் ஒரு வால்வை முழுதாக வரைந்து, பாகங்களைக் கோத்துக் காட்ட வேண்டும். பாலிடெக்னிக் முடித்து இரண்டு வருடத்தில் அவளுக்கு வந்த முதல் உருப்படியான அழைப்பு இது. இது போனால் அம்மா வேலை பார்க்கிற மாத்திரை பேக்கிங் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். அங்கே போக வேண்டியதுதான்.

வீட்டில் லேப்டாப் கிடையாது. கிரேஸின் சீட்டுப் பணத்தையும் எபினேசரின் போனசையும் சேர்த்தால் நாற்பத்தைந்தாயிரம் வந்தது. ஏஞ்சல் தேவையானதை ஒரு தாளில் எழுதி அப்பாவிடம் கொடுத்தாள்.

"இன்னாது இது?"

"லேப்டாப்புல இன்னா இன்னா இருக்கணும்னு எழுதினுகீறேன் டாடி."

"ராம் பதினாறு. கிராபிக்ஸ் கார்டு தனி." எபினேசர் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "இதெல்லாம் பொட்டி மேல எவனோ பிரிண்ட் அடிச்சது. பொட்டிய நம்பினா நான் இருவத்திரெண்டு வருசம் அங்க குந்தினு இருக்க முடியுமா?"

"உள்ள கீறது கண்ணுக்குத் தெரியாது டாடி. எழுதியிருக்கறத வெச்சுதான் வாங்கணும்."

"கண்ணுக்கே தெரியாததுக்கு எதுக்குடி அம்மாம் துட்டு?"

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதே பையில்தான் ஃபீலர் கேஜும் இருந்தது. இரண்டு பாகங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று விட்டுப் பார்க்கிற, மெல்லிசு மெல்லிசான இரும்புத் தகடுகளின் கொத்து அது. கம்பெனிக் கருவியை வெளியே கொண்டுபோகக் கூடாது என்பது விதி. கேட்டில் எல்லோருடைய பையையும் துழாவுவார்கள். சோதிக்கிறவரைச் சோதிக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

திங்கட்கிழமை மூன்று பேரும் முதலில் ஏஞ்சல் சொன்ன இடத்துக்கே போனார்கள். திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு எதிர்ச் சந்தில் ராபின் கடை. பெரிய கம்பெனிகள் மூன்று வருடம் ஓட்டிவிட்டுக் கழித்துப் போடுகிற லேப்டாப்புகளை வாங்கித் துடைத்து, தேவையானதை மாற்றி விற்கிறவன். அவன் எடுத்து வைத்தது கறுப்பாக, கனமாக, மூலையில் கீறலோடு இருந்தது. ஏதோ ஒரு கம்பெனியின் ஸ்டிக்கரைச் சுரண்டிய தடம் மூடி மேல் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் ஏஞ்சல் தாளில் எழுதிய அத்தனையும் அதற்குள் இருந்தது. விலை முப்பத்திநாலாயிரம்.

ஏஞ்சல் பென்டிரைவைச் செருகினாள். பாலிடெக்னிக்கில் வரைந்த கியர் பெட்டி ஒன்றைத் திறந்து திருப்பிப் பார்த்தாள். நாற்பத்துமூன்று பாகம். வெண்ணெய் மாதிரி திரும்பியது.

"ஓடுது டாடி."

"ஓடறது வேற, தேறுறது வேற."

அவர் சொன்னது முழுப் பொய்யல்ல, அதுதான் தொந்தரவு. இன்றைக்கு ஓடுகிற பம்பு ஆறு மாதத்தில் ஒழுகும் என்று அவருக்குத் தெரியும். முழுப் பொய் சொல்கிறவரை வீட்டில் யாராவது திருத்திவிடலாம். பாதி உண்மையைக் கையில் வைத்திருப்பவரை என்ன செய்வது?

எபினேசர் லேப்டாப்பைக் கண்ணாடி மேஜைமேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினார். லேசாக ஆடியது. ஃபீலர் கேஜை எடுத்துத் திரை மடங்குகிற இடத்தில் விட்டார்.

"லெப்ட் ஹிஞ்ச்ல பாயின்ட் ஃபோர் ஃபைவ். ரைட்ல பாயின்ட் டூ. ஒரே மெஷின்ல ரெண்டு சைடும் ரெண்டு மாதிரிகீது."

ராபின் அசரவில்லை. "எம் மூஞ்சிகூடத்தான் ரெண்டு சைடும் ரெண்டு மாதிரிகீது. அதுக்கோசரம் ஊட்ல சோறு போடாமயாகீறாங்க? இன்னாண்ணே, லேப்டாப்பு வாங்க வந்தியா, இன்ஜினப் பிரிக்க வந்தியா?"

"காலு நாலும் லெவல்ல இல்ல."

"பாப்பா இதுல படம்தானே வரையப்போவுது? இது மேல ஏறி நின்னுனு டான்ஸா ஆடப்போவுது?"

எபினேசர் தகட்டை மடக்கிப் பையில் போட்டார். சப்ளையர் பேசப் பேச அவர் மௌனமாகிவிடுவார். ஷெட்டில் அதற்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள். ராபின் பயப்படாமல் டீ சொன்னான். எபினேசர் அதையும் வேண்டாம் என்றார்.

அடுத்து ஜே.என். சாலையில் ஒரு பெரிய ஷோரூம். ஏசி, கண்ணாடிக் கதவு, தரையில் முகம் தெரிகிற டைல்ஸ். பூமிகா என்று நெஞ்சில் பெயர்ச்சீட்டு குத்திய பெண் வந்து, "என்ன யூஸுக்கு சார்?" என்று கேட்டாள். அன்றைய தினம் முழுக்க யாராவது கேட்ட சரியான கேள்வி அது ஒன்றுதான்.

"யூஸு கெடக்கட்டும். இத மல்லாக்கப் போடு" என்றார் எபினேசர்.

அவர் காட்டியது வெள்ளி நிறத்தில், ஒரு பரீட்சை அட்டை கனத்துக்கு இருந்தது. மல்லாக்கப் போட்டாள். மூலைகளை அழுத்தினார், அசையவில்லை. ஹிஞ்சில் தகடு விட்டார், நுழையவில்லை. இருப்பதிலேயே மெல்லிய தகட்டை எடுத்தார். அதுவும் நுழையவில்லை. சுற்றிச் சுற்றி எல்லா இடுக்கிலும் முயன்றார். இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு உருப்படி அவர் ஷெட்டுக்கு வந்ததில்லை. கல்யாணத்தன்றுகூட அவர் முகத்தில் இவ்வளவு நிறைவைப் பார்த்ததில்லை என்று கிரேஸ் பிற்பாடு சொன்னாள்.

"இதுல ராம் எட்டுதான் டாடி. பின்னாடி கூட்டவும் முடியாது. கிராபிக்ஸ் கார்டே இல்ல" என்றாள் ஏஞ்சல்.

"எங்க ஆபீஸ் ரூம்ல எல்லாருக்கும் எட்டுதான்."

"அவங்க லெட்டர் அடிக்கறாங்க டாடி."

பூமிகாவுக்கு மனசு கேட்கவில்லை. "சார், த்ரீ-டி டிராயிங் வேலைன்னா இது கொஞ்சம் கஷ்டப்படும். நெட்டு பாக்கறது, மெயிலு, அதுக்கெல்லாம் சூப்பரா இருக்கும். பாப்பாவுக்கு வேணும்னா வேற காட்டறேன், லோன்ல போட்டுக்கலாம்."

எபினேசர் மகளைத் தனியாக இழுத்துப் போய்க் காதருகில் சொன்னார்: "பாத்தியா? விக்க வந்தவளே வேணாங்கறா. ஸ்டாக்கு இது ஒன்னுதான் இருக்கும். வேற யாருக்கோ எடுத்து வெச்சினுகீறா."

இருபத்திரண்டு வருடத்தில் எந்தச் சப்ளையரும் அவரிடம் உண்மை பேசியதில்லை. அதனால் உண்மை எதிரில் வந்து நின்றபோது அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நாற்பத்திரண்டாயிரத்துக்கு வாங்கினார். வீட்டுக்கு வந்ததும் பெட்டிமேல் மார்க்கர் பேனாவால் "ஓகே" என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டார். யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை மாலை ஏஞ்சல் அதில் சாப்ட்வேரை ஏற்றினாள். ஒரு போல்ட்டை வரைந்தாள், வந்தது. கியர் பெட்டியைத் திறந்தாள். திரையின் நடுவே ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. கிரேஸ் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தாள், சுற்றியது. ரசம் கூட்டிவிட்டு வந்து பார்த்தாள், சுற்றிக்கொண்டே இருந்தது. அப்புறம் திரை வெளுத்து, எல்லாம் தானாகவே மூடிக்கொண்டது. மூன்று தடவை முயன்றாள். மூன்று தடவையும் அதே.

எபினேசர் டேபிள் ஃபேனைக் கொண்டுவந்து லேப்டாப்புக்கு நேராக வைத்தார். "சூடு ஆறட்டும். புதுசுல அப்பிடித்தான் இருக்கும்."

"சூடு இல்ல டாடி, மெமரி பத்தல."

"எங்கனா ஸ்க்ரூ லூசாகீதா பாரு."

"ஸ்க்ரூ எதுவும் லூசா இல்ல. அதான் நீ தகடு வுட்டுப் பாத்தியே."

"இன்னாங்க, நீங்க பாஸ் பண்ண பீஸுதானே?" என்றாள் கிரேஸ்.

"நான் பாஸ் பண்ணது மெஷின. உள்ள ஓடற சாப்ட்வேருக்கு நான் எப்பிடி பொறுப்பு?" கொஞ்ச நேரம் யோசித்தார். யோசனையின் பலன் இப்படி வந்தது: "நாளான்னிக்கி டெஸ்ட்டுல, பார்ட்டுங்களக் கொஞ்சம் கம்மியா போட்டுக்க."

ஏஞ்சல் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்து பின்கட்டுக்குப் போனாள். அழுதாளா என்று தெரியாது, குழாயைத் திறந்துவிட்டிருந்தாள். தண்ணீர் வீணாகிறது என்று எபினேசர் இங்கிருந்து சத்தம் போட்டார்.

மறுநாள் அவருக்கு இரண்டு மணி ஷிப்ட். அவர் சைக்கிள் தெருமுனை திரும்பியதும் கிரேஸ் புடவை மாற்றினாள். அரைநாள் பெர்மிஷன் போட்டிருந்தாள். அம்மாவும் மகளும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராபின் கடைக்குப் போனார்கள்.

அந்தக் கறுப்பு லேப்டாப் அதே அலமாரியில்தான் இருந்தது.

"அண்ணன் போனப்பறம் ரெண்டு பேரு வந்து பாத்தாங்கக்கா. வெயிட்டுன்னு வுட்டுட்டுப் போய்ட்டாங்க" என்றான் ராபின். அவர்கள் கொண்டுவந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்தான். "ஓகே. கையெழுத்து வேற. ஐஎஸ்ஐ முத்திரைய வுட ஸ்ட்ராங்கா இருக்குதேக்கா. இந்தப் பொட்டிக்கே எக்ஸ்ட்ரா துட்டு குடுக்கலாம்."

"மாத்திக் குடுப்பியாப்பா?"

"நாலு நாளு ஓட்டுன வண்டிதான். எடுத்துக்கறேன். மேல மூவாயிரம் திருப்பித் தரேன், அவ்ளோதான் முடியும். அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நாங்க எதுக்குப்பா வரோம்? அவரில்ல வந்திருப்பாரு, அந்தத் தகட்டத் தூக்கினு" என்றாள் கிரேஸ். ராபின் சிரித்த சிரிப்பில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவர்கள் செய்ததன் கனம் என்ன என்பதை எபினேசரின் உலகத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அங்கே மட்டமான சரக்கு அனுப்புவது குற்றமே இல்லை. அவர் கழித்துத் தள்ளுவார், கணக்கு தீர்ந்தது. ஆனால் அவர் கழித்ததையே எடுத்துப் போய், தின்னரால் சிவப்பு பெயிண்ட்டைத் துடைத்துவிட்டு, மறுவாரம் திரும்ப உள்ளே தள்ளுவது இருக்கிறதே, அதற்கு மன்னிப்பு கிடையாது. அப்படிச் செய்த ஒரு சப்ளையரை ஆறு வருடமாகக் கேட்டுக்குள் விடவில்லை. இப்போது அவர் மனைவியும் மகளும் அதைத்தான் செய்திருந்தார்கள், அதுவும் அவர் வீட்டு வாசல் வழியாகவே.

அவர் ஷிப்ட் முடிந்து வந்தபோது இருவரும் படுத்துவிட்டார்கள். சனிக்கிழமை அவர் எழுந்தபோது மணி பத்தரை.

அந்த வீட்டில் படுக்கிற அறை முன்னால், கழிப்பறையும் குழாயடியும் பின்னால், நடுவில் ஹால். ஹாலில் சுவரைப் பார்த்து மேஜையைப் போட்டு ஏஞ்சல் உட்கார்ந்திருந்தாள். அறை வாசலும் சமையல்கட்டு வாசலும் தவிர ஹால் முழுவதையும் லேப்டாப்பின் கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. தேர்வு நடத்துகிறவர்கள் மெயிலில் தெளிவாக எழுதியிருந்தார்கள்: அறையில் வேறு முகம் தெரிந்தாலோ வேறு குரல் கேட்டாலோ தேர்வு ரத்து. கிரேஸ் சமையல்கட்டு வாசலில் காவலுக்கு நின்றிருந்தாள். முந்தின நாளே குக்கர் வைக்க வேண்டாம் என்று முடிவு செய்தவள், மீன்காரிக்கும் வராதே என்று சொல்லி அனுப்பியவள், புருஷனைப் பற்றி மட்டும் யோசிக்க மறந்துவிட்டாள்.

எபினேசர் லுங்கியும் பனியனுமாக, வாயில் பிரஷ்ஷும் நுரையுமாக அறைக் கதவைத் திறந்தார். முதலில் அவர் கண்ணில் பட்டது மகளல்ல. மேஜைமேல் இருந்த கறுப்பு நிறமும் மூலைக் கீறலும்தான்.

கிரேஸ் இரண்டு கையையும் கூப்பினாள். பிறகு உதட்டில் விரல் வைத்தாள். பிறகு, நேரமில்லாததால், உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தி அழுத்திக் காட்டினாள். குனி. இன்னும் குனி.

எபினேசரின் வாய் நுரையோடு திறந்தது. ஏஞ்சலுக்கு முதுகில் தெரிந்துவிட்டது. மவுஸ் பிடித்த கை அப்படியே நின்றது. திரையில் வால்வின் உடம்பு முடிந்திருந்தது. மூடியும் தண்டும் இன்னும் கோக்கப்படவில்லை. இரண்டு வருடக் காத்திருப்பு, ஒரு மனிதர் நுரையைத் துப்பிவிட்டு "இது யாரு கொண்டாந்தது?" என்று கேட்பாரா மாட்டாரா என்பதில் தொங்கியது.

கேட்கவில்லை. மகள்மேல் இருந்த பாசம் அவர் வாயை மூடியது என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. கும்மிடிப்பூண்டிக் கம்பெனி இவர் கம்பெனியிடம் பம்பு வாங்குகிற கம்பெனி. வருடத்துக்கு ஒரு தடவை அங்கிருந்து ஆட்கள் வந்து இவருடைய ஷெட்டையே சோதிப்பார்கள். அவர்களுடைய கேமராவில் பனியனோடு பதிவாவது பற்றி எபினேசர் நினைத்துப் பார்த்தார். பாசம் செய்யாததைப் பயம் செய்தது. பாசத்தைவிட அதற்கு வேலை சுத்தம்.

அவர் குனிந்தார். குனிந்தது போதவில்லை என்று கிரேஸ் சைகை காட்ட, முட்டி போட்டார். அதுவும் போதவில்லை. கடைசியில் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு, காக்களூர் தொழிற்பேட்டையே கண்டு எழுந்து நிற்கிற அந்த மனிதர், தான் கழித்துத் தள்ளிய உருப்படிக்குக் கீழாகத் தவழ்ந்து போனார். நடுவழியில் லேப்டாப்பின் உள்விசிறி உய்யென்று சத்தம் போட்டது. நின்றார். தலையைச் சாய்த்துக் கேட்டார். அந்தச் சத்தத்தையும் ஒரு குறையாக மனதில் குறித்துக்கொண்டுதான் மேலே தவழ்ந்தார்.

பின்கட்டுக்குப் போனவர் திரும்பி வர வழியில்லை. திரும்பவும் தவழ வேண்டும். துவைக்கிற கல்லின்மேல் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கிரேஸ் சமையல்கட்டு ஜன்னல் கம்பி வழியாக டீயை நீட்டினாள்.

"அது நான் ரிஜெக்ட் பண்ண பீஸு" என்றார், கிசுகிசுப்பாக.

"தெரியும். டீயக் குடிங்க."

"லெப்ட் ஹிஞ்ச்சு…"

"ஆறிப்போவுது."

பன்னிரண்டு மணிக்கு ஏஞ்சல் கதவைத் திறந்து வந்தாள். வால்வை முடித்து, கோத்து, அனுப்பியிருந்தாள். ஒன்பது நிமிடம் மிச்சம். எபினேசர் பெரிதாகக் கத்துவார் என்று அம்மாவும் மகளும் எதிர்பார்த்தார்கள். அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "நான் போனது கேமராவுல வுழுந்துதா?"

"வுழல டாடி."

அதற்குப் பிறகு லேப்டாப் எப்படி மாறியது என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள் என்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

புதன்கிழமை மெயில் வந்தது. ஏஞ்சல் தேறிவிட்டாள். எழுபது பேரில் நாலு பேரை எடுத்திருந்தார்கள். கிரேஸ் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணினாள். எபினேசர் மெயிலை இரண்டு முறை படித்துவிட்டு, "அந்தக் கழிச்சுப் போட்ட கண்டம் மெஷின்ல வரைஞ்சதயே பாஸ் பண்ணிட்டான்னா, அந்தக் கம்பெனில ஸ்டாண்டர்டு இன்னா லெவல்லகீதுன்னு யோசிச்சுக்க" என்றார். கம்பெனியில் கதை வேறு மாதிரி போனது. லேப்டாப் செலக்ஷன் தன்னுடையது என்றும், நாலு கடை ஏறி இறங்கியதாகவும், பிள்ளைக்கு லேப்டாப் வாங்குகிறவர்கள் தன்னைக் கேட்காமல் வாங்க வேண்டாம் என்றும் கேன்டீனில் சொன்னார். இதுவரை மூன்று பேர் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். மூன்றும் வெள்ளி நிறம், பரீட்சை அட்டை கனம்.

வேலையில் சேர்வதற்கான படிவத்தை ஏஞ்சல் அதே லேப்டாப்பில் நிரப்பிக்கொண்டிருந்தாள். எபினேசர் பின்னால் வந்து நின்றார். அப்பாவின் வேலை என்று கேட்ட இடத்தில் அவள் இன்ஸ்பெக்டர் என்று அடித்திருந்தாள்.

"சீனியர்னு போடு. சீனியர் இன்ஸ்பெக்டர்."

அவர் கம்பெனியில் அப்படி ஒரு பதவி கிடையாது. அது ஏஞ்சலுக்கும் தெரியும். அவள் கர்சரை அந்தச் சொல்லுக்கு முன்னால் கொண்டுபோய்ச் சீனியர் என்று சேர்த்தாள். அதையெல்லாம் யாரும் சரிபார்க்கப் போவதில்லை.